டிபிடிகே-யில் ஓடும் போர்ட்டின் ஒரு வரிசையை மட்டும் நிறுத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு போர்ட்டில், அதாவது வலை அட்டையின் ஒரு இணைப்பு முனையில், நான்கு பெறும் வரிசைகள் ஓடுகின்றன. போக்குவரத்து குறைந்துவிட்டதால் நான்காவது வரிசையை நிறுத்தி, அதைக் கவனித்துவந்த சிபியு கோரை வேறு வேலைக்கு விட வேண்டும். போர்ட் நிற்கக் கூடாது, மற்ற மூன்று வரிசைகளில் ஒரு பாக்கெட்டும் தவறக் கூடாது. இதற்கு டிபிடிகே (கர்னலைத் தவிர்த்து நிரலே வலை அட்டையின் பாக்கெட்டுகளை நேராகக் கையாள உதவும் நூலகத் தொகுப்பு) ஒற்றை அழைப்பைத் தருகிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அதை மட்டும் அழைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆய்வகத்தில் அது ஓடவும் செய்கிறது. சுமை ஏறும்போது பாக்கெட்டுகள் காணாமல் போகின்றன, அல்லது சம்பந்தமே இல்லாத இடத்தில் நிரல் விழுகிறது.

நிறுத்தும் அழைப்பு இந்த வேலையின் கடைசிப் படி. முதலில் போக்குவரத்தைத் திருப்ப வேண்டும். அடுத்து வேலை இழையின் (கோரில் ஓடி வரிசையைப் படிக்கும் த்ரெட்டின்) கையிலிருந்து வரிசையை எடுக்க வேண்டும். அதன் பிறகே வரிசையை நிறுத்த வேண்டும். மீண்டும் தொடங்கும்போது இதே வரிசைமுறை தலைகீழ். கீழே உள்ள அனைத்தும் இந்த ஒழுங்கின் விரிவுதான்.

உதாரணத்துக்கு இன்டெல் 82599 அட்டையில், 0 முதல் 3 வரை எண்ணிட்ட நான்கு பெறும் வரிசைகளையும் நான்கு அனுப்பும் வரிசைகளையும் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றிலும் 1024 டிஸ்கிரிப்டர்கள், அதாவது பாக்கெட்டுக்கான இடம் நினைவகத்தில் எங்கே என்று அட்டைக்குச் சொல்லும் பதிவுகள். அவை வட்டமாக அமைந்ததே வளையம். நிறுத்தப்போவது 3-ஆம் வரிசை.

1. எந்த வகைச் செயலின்மை என்று முதலில் தீர்மானியுங்கள்

"செயல்படாத வரிசை" என்று பொதுவாகச் சொன்னாலும், அதற்குள் மூன்று வேறு நிலைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, நிறுத்தப்பட்ட வரிசை. வன்பொருளில் அது முடக்கப்பட்டிருக்கிறது, அதன் வளையத்தில் இருந்த எம்பஃப்கள் (பாக்கெட்டைத் தாங்கும் நினைவகத் துண்டுகள்) மெம்பூலுக்கு (அவற்றின் பொதுச் சேமிப்புக்கு) திரும்பிவிட்டன. டிபிடிகே தன் பதிவிலும் அதை நிறுத்தப்பட்டது என்றே குறித்திருக்கிறது.

இரண்டாவது, ஓடுகிறது, ஆனால் பாக்கெட் வரவில்லை. இதில் ஆபத்து இல்லை. மின்சாரமும் சிபியு நேரமும்தான் வீணாகின்றன.

மூன்றாவது, வரிசை ஓடுகிறது, பாக்கெட்டும் வருகிறது, ஆனால் எந்த இழையும் அதைப் படிப்பதில்லை. மூன்றிலும் மோசமானது இதுதான். வேலை இழையை நிறுத்திவிட்டு வரிசையை மறந்துபோகிறவர்கள் இந்த நிலையைத்தான் உருவாக்குகிறார்கள்.

ஏன் மோசம் என்றால், 82599 போன்ற அட்டையில் எல்லாப் பெறும் வரிசைகளும் அட்டைக்குள் இருக்கும் ஒரே பாக்கெட் நினைவகத்திலிருந்துதான் நிரம்புகின்றன. 3-ஆம் வரிசையின் 1024 டிஸ்கிரிப்டர்களும் தீர்ந்த பிறகு அந்த வரிசைக்கு வரும் பாக்கெட் போக இடமில்லாமல் நினைவகத்தின் வாசலிலேயே நிற்கும். அதற்குப் பின்னால் 0, 1, 2-க்குப் போக வேண்டியவையும் நிற்கும். ஒரு வரிசையைப் படிக்காமல் விட்டதற்கு முழுப் போர்ட்டும் திணறும்.

இதற்கு ஒரு காப்பு உண்டு. வரிசையை அமைக்கும்போது, டிஸ்கிரிப்டர் இல்லையென்றால் பாக்கெட்டைக் கைவிடு என்ற அமைப்பை இயக்கிவையுங்கள். அப்போது நிரம்பிய வரிசையின் பாக்கெட்டுகள் மட்டும் விழும், மற்றவை நகரும். பல வரிசைகள் உள்ள எந்த நிரலிலும் இதை இயக்கிவைப்பதே சரி என்பது என் கருத்து. ஆனாலும் இது காப்புதான். கீழே உள்ள படிகளுக்கு மாற்று ஆகாது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டிரைவரின் ஆதரவு. எல்லா டிரைவர்களும் வரிசையைத் தனியாக நிறுத்த அனுமதிப்பதில்லை. டிபிடிகே ஆவணங்களில் டிரைவர்களை ஒப்பிடும் அட்டவணையில் இதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. ஆதரவு இல்லாத டிரைவரில் நிறுத்தும் அழைப்பு "ஆதரவு இல்லை" என்ற பிழையைத் திருப்பும். அந்தத் திருப்பு மதிப்பைப் பார்க்காமல் விட்டால் வரிசை ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் இழையை வேறு விலக்கியிருப்பீர்கள். மேலே சொன்ன மூன்றாவது நிலை அங்கே பிறந்துவிடும்.

மெம்பூலின் அளவு. எல்லா வரிசைகளும் ஒரே நேரத்தில் ஓடினால் எவ்வளவு தேவையோ அதற்கே கணக்கிடுங்கள். நம் உதாரணத்தில் பெறும் வரிசைகளுக்கு 4096, அனுப்பும் வரிசைகளுக்கு 4096, நான்கு கோர்களின் தற்காலிகச் சேமிப்புக்குத் தலா 256 வீதம் 1024, ஒரே அழைப்பில் எடுத்துக் கையில் இருக்கும் பாக்கெட் கொத்துகளுக்குத் தலா 32 வீதம் 128. கூட்டினால் 9344. மெம்பூல் இரண்டின் அடுக்கில் ஒன்று குறைவாக இருக்கும்போதுதான் நினைவகம் வீணாகாது என்பதால் 16383 வையுங்கள். ஒரு வரிசை நின்றிருக்கும்போது போதுமான அளவை மட்டும் வைத்தால், அதை மீண்டும் தொடங்கும் நாளில் வளையத்தை நிரப்ப எம்பஃப் கிடைக்காமல் அழைப்பு தோற்கும்.

எந்த வரிசையை நிறுத்துவது என்ற தேர்வு. 0-ஆம் வரிசையைத் தொடாதீர்கள். ஆர்எஸ்எஸ் (பாக்கெட்டுகளை வரிசைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அட்டையின் வசதி) ஹேஷ் போட முடியாத பாக்கெட்டுகள், எடுத்துக்காட்டாக முகவரி தேடும் ஏஆர்பி, இந்த அட்டையில் 0-க்குத்தான் வருகின்றன. எப்போதும் கடைசி எண்ணிலிருந்து நிறுத்திக்கொண்டு வருவது எளிது.

வரிசைக்கு ஒரு உரிமையாளர். ஒரே பெறும் வரிசையை ஒரே நேரத்தில் இரண்டு இழைகள் படிக்கக் கூடாது. எந்தக் கோர் எந்த வரிசையைப் படிக்கிறது என்ற பட்டியல் உங்கள் நிரலில் ஒரே இடத்தில் இருக்கட்டும். அது பல இடங்களில் சிதறிக்கிடந்தால் 5-ஆம் படியைச் சரியாகச் செய்யவே முடியாது.

3. போக்குவரத்தைத் திருப்புங்கள்

ஆர்எஸ்எஸ், பாக்கெட்டின் ஹேஷ் மதிப்பைக் கொண்டு ஒரு அட்டவணையில் தேடி, அங்கே எழுதியிருக்கும் வரிசைக்குப் பாக்கெட்டை அனுப்புகிறது. 82599-இல் அந்த அட்டவணையில் 128 இடங்கள், இன்டெலின் எக்ஸ்எல்710 அட்டையில் 512. எண்ணை நிரலில் பதித்துவிடாமல், சாதன விவரம் கேட்கும் அழைப்பிலிருந்து எடுங்கள்.

நம் உதாரணத்தில் 128-இல் 32 இடங்கள் 3-ஆம் வரிசையைக் காட்டும். அந்த 32 இடங்களை மட்டும் 0, 1, 2-க்குப் பிரித்துக் கொடுங்கள். முழு அட்டவணையையும் புதிதாக எழுதிவிடுவது சுலபம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் நிறுத்தப்போகும் வரிசைக்குச் சம்பந்தமே இல்லாத இணைப்புகளும் கோர் மாறும். அவற்றின் நிலைத் தகவல் பழைய கோரிலேயே கிடக்கும்.

அட்டவணையை மாற்றும் அழைப்பு 64 இடங்கள் கொண்ட தொகுதிகளாகத் தரவைக் கேட்கிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு 64 பிட் முகமூடி உண்டு. முகமூடியில் 1 உள்ள இடங்கள் மட்டுமே மாறும். இங்கே தடுக்கி விழாத புதியவரை நான் பார்த்ததில்லை. கட்டமைப்பைப் பூச்சியத்தால் நிரப்பிவிட்டு, வரிசை எண்களை எழுதிவிட்டு, முகமூடியை மறந்துவிடுவார்கள். அழைப்பு வெற்றி என்று திரும்பும். ஒரு இடமும் மாறியிருக்காது. எழுதிய உடனே அட்டவணையைத் திரும்பப் படித்து, எந்த இடமும் 3-ஐக் காட்டவில்லை என்று உறுதிசெய்யுங்கள். திரும்பப் படிப்பதற்கும் அதே முகமூடி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பாக்கெட்டுகளை வரிசைக்கு அனுப்பும் ஓட்ட விதிகள் தனியாக இருந்தால், அவை ஆர்எஸ்எஸ் அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. 3-ஆம் வரிசையைக் காட்டும் ஒவ்வொரு விதியையும் நீங்களே மாற்ற வேண்டும். புதிய விதியைச் சேர்த்துவிட்டுப் பழையதை நீக்க முடிந்தால் இடைவெளி இருக்காது. ஒரே பொருத்தத்துக்கு இரண்டு விதிகளை டிரைவர் ஏற்காவிட்டால் பழையதை முதலில் நீக்க வேண்டியிருக்கும்; அப்போது அந்தப் பாக்கெட்டுகள் சிறிது நேரம் ஆர்எஸ்எஸ் வழியாகப் போகும் என்பதை உங்கள் நிரல் தாங்க வேண்டும்.

4. மிச்சத்தை வடியவிடுங்கள்

அட்டவணை மாறிய நொடியில் 3-ஆம் வரிசை காலியாகிவிடாது. வளையத்தில் ஏற்கனவே இறங்கிய பாக்கெட்டுகள் இருக்கும். அட்டையின் உள் நினைவகத்தில் பழைய முடிவோடு காத்திருப்பவை இருக்கும். டிரைவரே முன்கூட்டி எடுத்துத் தன் கையில் வைத்திருப்பவையும் இருக்கலாம். இப்போது வரிசையை நிறுத்தினால் இவை அனைத்தும் படிக்கப்படாமலேயே மெம்பூலுக்குப் போய்விடும். எந்தக் கணக்கிலும் இழப்பு என்று பதிவாகாது, அதனால் தேடுபவருக்கும் கிடைக்காது.

வடிக்கும் வேலையை அந்த வரிசையின் உரிமையாளரான இழையே செய்ய வேண்டும். கட்டுப்பாட்டு இழை (நிறுத்தும் வேலையை நடத்தும் இழை) உதவிக்கு வந்து படிக்கத் தொடங்கினால் ஒரே வரிசையில் இரண்டு வாசகர்கள் ஆகிவிடுவார்கள். பட்டியலில் 3-ஆம் வரிசைக்கு எதிரே "வடிகிறது" என்று ஒரு குறி வையுங்கள். அந்தக் குறியைப் பார்த்த இழை வழக்கம்போலப் படித்துக்கொண்டே, தொடர்ந்து எத்தனை முறை காலியாகத் திரும்பியது என்று எண்ணட்டும்.

ஒரு முறை காலி என்று வந்ததை நம்பாதீர்கள். முடிந்த டிஸ்கிரிப்டர்களை அட்டை சில சமயம் சேர்த்துவைத்து ஒன்றாக எழுதும். நீங்கள் கேட்ட கணத்தில் அது எழுதாமல் இருந்திருக்கலாம். 82599-இன் பெறும் நினைவகம் 512 கிலோபைட். 10 ஜிகாபிட் வேகத்தில் அது முழுதாகக் காலியாக அரை மில்லிநொடிக்கும் குறைவாகவே ஆகும். ஆகவே சில மில்லிநொடிகள் கடந்திருக்க வேண்டும், அதோடு தொடர்ந்து பல முறை காலியாக வந்திருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்து வைத்தால் நடைமுறையில் போதுமானது.

இன்னொரு பொறி கொத்தின் அளவில் இருக்கிறது. வெக்டர் கட்டளைகளை (ஒரே கட்டளையில் பல தரவுகளைக் கையாள்பவற்றை) பயன்படுத்தும் டிரைவர்கள், கேட்கும் எண்ணிக்கை 4 அல்லது 8-இன் மடங்காக இருக்கும் என்று எதிர்பார்க்கின்றன. வடிப்பதற்குத்தானே என்று ஒவ்வொரு பாக்கெட்டாகக் கேட்டால், அப்படிப்பட்ட டிரைவர் வளையம் நிரம்பியிருந்தாலும் பூச்சியம் என்று திருப்பக்கூடும். உங்கள் எண்ணி மகிழ்ச்சியோடு "காலி" என்று அறிவித்துவிடும். வழக்கமான 32-ஐயே வடிக்கும்போதும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே இணைப்பின் பாக்கெட்டுகள் வந்த ஒழுங்கு குலையாமல் போக வேண்டிய நிரல்களில், இந்த இடைவேளையில் புதிய பாக்கெட் 1-ஆம் வரிசை வழியாக முந்திவிட வாய்ப்பு உண்டு. டிசிபி இதைச் சமாளித்துக்கொள்ளும். உங்கள் நிரலே பாக்கெட்டுகள் வரும் ஒழுங்கை நம்பி இயங்கினால், வடிந்து முடியும்வரை புதிய கோர் அந்த இணைப்புகளைப் பிடித்துவைக்க வேண்டியிருக்கும்.

5. வேலை இழையின் கையிலிருந்து வரிசையை எடுங்கள்

இந்தப் படியில்தான் நிரல்கள் விழுகின்றன. நிதானமாகப் படியுங்கள்.

பாக்கெட்டுகளைக் கொத்தாகப் பெறும் அழைப்பு, வரிசை ஓடுகிறதா நிற்கிறதா என்று சரிபார்ப்பதில்லை. நொடிக்கு லட்சக்கணக்கான முறை நடக்கும் அழைப்பில் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்பது வேகத்தைத் தின்னும் என்பதால், அந்தப் பொறுப்பை டிபிடிகே உங்களிடம் விட்டிருக்கிறது. பிழை தேடுவதற்கான அமைப்போடு தொகுத்தால் சில சோதனைகள் சேரும். சாதாரணத் தொகுப்பில் அவையும் இருக்காது.

"ஆனால் போர்ட்டை நிறுத்திய பிறகு படித்தால் பூச்சியம்தானே வருகிறது" என்று கேட்பார்கள். உண்மைதான். போர்ட் முழுவதும் நிற்கும்போது, டிபிடிகே வேகப் பாதையின் (பாக்கெட்டைப் பெற்று அனுப்பும் அழைப்புகளின்) பாயின்டர்களை எடுத்துவிட்டு வெறும் செயல்கூறுகளை வைக்கிறது. அவை பதிவேட்டில் ஒரு பிழையை எழுதிப் பூச்சியம் திருப்பும். 21.11 பதிப்பு முதல் அந்தப் பாயின்டர்கள் போர்ட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு தனி அட்டவணையில் இருக்கின்றன. வரிசைக்கு ஒன்று என்று இல்லை. எனவே ஒரு வரிசையை மட்டும் நிறுத்தும்போது மாற்றிவைக்க எதுவும் இல்லை, உண்மையான செயல்கூறு அப்படியே அழைக்கப்படும்.

நிறுத்திய வரிசையைப் படித்தால் சில டிரைவர்களில் பூச்சியம் வரும், ஏனெனில் வளையத்தைத் துடைத்துவிட்டுத்தான் நிறுத்தியிருப்பார்கள். அதை வைத்து "பரவாயில்லை" என்று முடிவுகட்டாதீர்கள். வேறு டிரைவரில் அதே அழைப்பு நிரலை வீழ்த்தும். அதைவிடப் பெரிய ஆபத்து நிறுத்திக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் இருக்கிறது: கட்டுப்பாட்டு இழை வளையத்தின் எம்பஃப்களை ஒவ்வொன்றாக விடுவிக்கும்போது வேலை இழை அதே எம்பஃபை எடுத்துச் சென்றால், ஒரே எம்பஃப் இரண்டு பேரின் கையில். பின்னர் எங்கோ ஒரு பாக்கெட்டின் உள்ளடக்கம் மாறும், மெம்பூல் கெடும், பல நிமிடங்கள் கழித்து நிரல் விழும். விழுந்த இடத்தில் தேடினால் காரணம் கிடைக்காது.

இதற்கு நான் பரிந்துரைக்கும் முறை, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கொடி வைப்பதற்குப் பதிலாக, படிக்க வேண்டிய வரிசைகளின் பட்டியலையே மாற்றுவது. கோர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல் பாயின்டர். கட்டுப்பாட்டு இழை 3-ஆம் வரிசை இல்லாத புதிய பட்டியலைத் தயாரித்து, முழுதாக எழுதி முடித்த பிறகே பாயின்டரை வெளியிடும் விதமாக ரிலீஸ் ஒழுங்கோடு (முந்தைய எழுத்துகள் முதலில் தெரியும்படி) எழுத வேண்டும். வேலை இழை ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அதற்கு இணையான அக்வயர் ஒழுங்கோடு அதைப் படிக்க வேண்டும். சுற்றின் நடுவில் மீண்டும் படிக்கக் கூடாது. வெறும் வோலட்டைல் மாறியை நம்பியிருப்பவர்கள் எக்ஸ்86-இல் தப்பிக்கலாம். ஆர்ம் செயலியில் அது கைவிடும்.

பாயின்டரை மாற்றியதோடு முடிந்துவிடவில்லை. வேலை இழை இந்தக் கணத்திலும் பழைய பட்டியலோடு 3-ஆம் வரிசைக்குள் இருக்கக்கூடும். அது வெளியே வந்துவிட்டது என்று தெரிய வேண்டும். இங்கே சிறிது நேரம் தூங்கிவிட்டுத் தொடர்வது மிகவும் பரவலான தவறு. பத்து மில்லிநொடி தூங்கினால் போதும் என்பது, இயங்குதளம் வேலை இழையைப் பதினொரு மில்லிநொடி நிறுத்திவைக்காத வரைதான் உண்மை.

டிபிடிகே-யில் 19.05 பதிப்பு முதல் இருக்கும் ஆர்சியு நூலகத்தின் கியூஎஸ்பிஆர் என்ற முறை, வாசகர்கள் அனைவரும் பழைய தரவை விட்டுவிட்டார்களா என்று அறிவதற்கென்றே அமைந்தது. வேலை இழைகள் தொடக்கத்தில் பதிவுசெய்துகொள்கின்றன. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், பழைய பட்டியல் எதுவும் என் கையில் இல்லை என்று அறிவிக்கின்றன. கட்டுப்பாட்டு இழை ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு, எல்லா இழைகளும் அந்த டோக்கனுக்குப் பிறகு ஒரு முறை அறிவித்துவிட்டனவா என்று பார்க்கிறது. அறிவிப்பு வந்த பிறகே பழைய பட்டியலின் நினைவகத்தையும் விடுவிக்கலாம்.

இதில் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். குறுக்கீட்டுக்காகத் தூங்கப்போகும் இழை, தூங்கும் முன் தன்னை ஆஃப்லைன் என்று குறிக்க வேண்டும். இல்லையென்றால் அது விழிக்கும்வரை கட்டுப்பாட்டு இழை காத்திருக்கும். அடுத்தது, காத்திருக்கும் இழையே வாசகராகவும் பதிவுசெய்திருந்தால், அழைப்பில் தன் எண்ணைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது தன்னுடைய அறிவிப்புக்காகத் தானே என்றென்றும் காத்திருக்கும்.

6. பெறும் வரிசையை நிறுத்துங்கள்

இப்போதுதான் அந்த ஒற்றை அழைப்பு. திருப்பு மதிப்பைப் பாருங்கள். பூச்சியம் வந்தால், வரிசை விவரம் கேட்கும் அழைப்பில் நிலை "நிறுத்தப்பட்டது" என்று வருகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்த சோதனை மெம்பூலில். நிறுத்தும் முன்னும் பின்னும் பயன்பாட்டில் உள்ள எம்பஃப்களின் எண்ணிக்கையை எடுங்கள். போக்குவரத்து குறைவாக உள்ள சோதனைச் சூழலில், வித்தியாசம் ஏறக்குறைய 1024 இருக்க வேண்டும். மிகக் குறைவாக இருந்தால் டிரைவர் வளையத்தை முழுதாக விடுவிக்கவில்லை. இந்த எண்ணும் அழைப்பு எல்லாக் கோர்களின் சேமிப்பையும் சுற்றிப் பார்க்கும் என்பதால் வேகப் பாதையில் வைக்காதீர்கள்.

கட்டுப்பாட்டு இழை எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். டிபிடிகே உருவாக்காத சாதாரண இழைக்குத் தனி எம்பஃப் சேமிப்பு கிடையாது. விடுவிக்கும் எம்பஃப்கள் நேராக மெம்பூலின் பொது வளையத்துக்குப் போகும். அந்த இழையை இயங்குதளம் நடுவில் நிறுத்தினால், அதே வளையத்தில் எழுத வரும் வேலை இழைகள் சுற்றிச் சுற்றிக் காத்திருக்க நேரும். இது ஆவணங்களில் எச்சரிக்கப்பட்ட விஷயம்தான். தாமதம் பொறுக்க முடியாத நிரல் என்றால், நிறுத்தும் அழைப்பை டிபிடிகே-யின் முதன்மைக் கோரிலிருந்து செய்யுங்கள்.

7. அனுப்பும் வரிசை

அனுப்பும் பக்கம் யாரிடமிருந்தும் போக்குவரத்தைத் திருப்ப வேண்டியதில்லை, பாக்கெட்டைப் போடுவது நீங்களேதான். ஆனால் போட்ட பாக்கெட் வெளியே போக நேரம் எடுக்கும்.

வேலை இழை புதிய பட்டியலுக்கு மாறும்போது, தன் அனுப்பும் தாங்கியில் சேர்த்துவைத்திருப்பவற்றைத் தானே தள்ளிவிட வேண்டும். தள்ளும் அழைப்பு கேட்டதைவிடக் குறைவாக ஏற்கலாம். ஏற்காதவை இன்னும் உங்கள் பொறுப்பு: மீண்டும் முயலுங்கள், அல்லது விடுவித்துக் கணக்கில் எழுதுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் வரிசை நிற்கும் ஒவ்வொரு முறையும் சில எம்பஃப்கள் கசியும்.

82599-இன் டிரைவர், வளையத்தின் தலையும் வாலும் ஒன்றாகும்வரை சிறிது காத்திருந்து, ஆகாவிட்டால் "காலியாகவில்லை" என்று பதிவில் எழுதிவிட்டு வரிசையை முடக்கிவிடும். அந்தச் செய்தியை அலட்சியம் செய்யாதீர்கள். எதிர்முனை இடைநிறுத்தச் சட்டகங்கள் (சிறிது நேரம் அனுப்பாதே என்று கேட்பவை) அனுப்பிக்கொண்டிருந்தால் தலை நகராது. உங்கள் பாக்கெட்டுகள் போகாமலேயே விடுவிக்கப்பட்டிருக்கும்.

நிறுத்தாமல் வைத்திருக்கும், ஆனால் எப்போதாவது பயன்படும் அனுப்பும் வரிசைக்கும் ஒரு குணம் உண்டு. அனுப்பி முடித்த எம்பஃப்களை டிரைவர் உடனே விடுவிப்பதில்லை. அடுத்தடுத்த அனுப்பல்களின்போது, ஒரு வரம்பைத் தாண்டினால்தான் விடுவிக்கும். அடுத்த அனுப்பல் வராவிட்டால் அவை அங்கேயே கிடக்கும். மெம்பூல் மர்மமாகக் குறைகிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள். முடிந்தவற்றைத் துப்புரவு செய்ய ஒரு தனி அழைப்பு உண்டு. எல்லா டிரைவர்களும் அதை ஆதரிப்பதில்லை என்பதால் மெம்பூலைத் தாராளமாக வைப்பதே நிச்சயமான வழி.

8. மீண்டும் தொடங்குதல்

வரிசையைத் தொடங்கும் அழைப்பு முதலில். அது வெற்றி பெற்ற பிறகு வேலை இழையின் பட்டியலில் சேருங்கள். இழை படிக்கத் தொடங்கிவிட்டது என்று உறுதியான பிறகே ஆர்எஸ்எஸ் அட்டவணையில் இடம் கொடுங்கள். அட்டவணையை முதலில் மாற்றினால், யாரும் படிக்காத வரிசைக்குப் பாக்கெட் வரும் மூன்றாவது நிலைக்கு நீங்களே வழி திறக்கிறீர்கள்.

போர்ட் ஓடிக்கொண்டிருந்தால்தான் வரிசையைத் தொடங்க முடியும். போர்ட்டைத் தொடங்கும் முன் அழைத்தால் தவறான உள்ளீடு என்ற பிழை வரும்.

ஓட்டத்தின் நடுவே நிறுத்திய வரிசை, போர்ட்டை நிறுத்தித் தொடங்கினால் தானாகவே ஓடத் தொடங்கிவிடும். பழைய நிலையை டிபிடிகே நினைவில் வைப்பதில்லை. வேலை இழையின் பட்டியலில் அது இல்லை, ஆனால் வன்பொருளில் ஓடுகிறது. இணைப்பு அறுந்து போர்ட்டை மறுதொடக்கம் செய்யும் நிரல்களில் இது அடிக்கடி நிகழ்கிறது.

இதைத் தவிர்க்க, வரிசையை அமைக்கும்போதே தாமதத் தொடக்கம் என்ற அமைப்பை இயக்கலாம். அப்போது போர்ட் தொடங்கும்போது அந்த வரிசை தொடங்காது, நீங்கள் தனியாகத் தொடங்கும்வரை காத்திருக்கும். ஆனால் போர்ட் தொடங்கும்போது டிரைவர் போடும் இயல்பான ஆர்எஸ்எஸ் அட்டவணை, அமைக்கப்பட்ட எல்லா வரிசைகளுக்கும் இடத்தைப் பங்கிடுகிறது. தாமதத் தொடக்க வரிசை என்று விலக்கிவைக்காது. நம் உதாரணத்தில் முதல் நொடியிலிருந்தே கால் பங்குப் போக்குவரத்து நிற்கும் வரிசைக்குப் போய் அழியும். ஆகவே போர்ட்டைத் தொடங்கியவுடன், வேறு எதையும் செய்யும் முன், அட்டவணையை ஓடும் வரிசைகளுக்கு மட்டும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபாருங்கள். ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் இதைச் செய்யுங்கள்.

9. டிரைவர் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது

நிறுத்தும் செயல்கூறில் முதலில் வன்பொருள் ரிஜிஸ்டரில் வரிசையை முடக்குங்கள். முடக்கம் நடந்துவிட்டது என்று ரிஜிஸ்டர் காட்டும்வரை காத்திருங்கள். நடுவழியில் இருக்கும் நினைவக எழுத்து முடிய இன்னும் சிறிது நேரம் விடுங்கள். 82599 டிரைவர் இதற்காக 100 மைக்ரோநொடி காத்திருக்கிறது. அதன் பிறகே எம்பஃப்களை விடுவியுங்கள். அவசரப்பட்டால், வேறொருவர் எடுத்துக்கொண்ட எம்பஃபில் அட்டை வந்து எழுதும்.

விடுவிக்கும்போது வளையத்தில் உள்ளவை மட்டும் கணக்கில்லை. டிரைவர் மொத்தமாக முன்கூட்டி எடுத்துத் தன் கையில் வைத்திருக்கும் பாக்கெட்டுகள், பல துண்டுகளாக வரும் பாக்கெட்டின் பாதியில் நிற்கும் முதல் துண்டு ஆகியவையும் உண்டு. இரண்டாவதை மறந்துவிட்டால், வரிசை மீண்டும் தொடங்கும்போது புதிய பாக்கெட்டின் வால் பழைய பாக்கெட்டின் தலையோடு ஒட்டிக்கொள்ளும்.

வரிசையின் நிலையைப் பொதுத் தரவில் எழுத மறக்காதீர்கள். போர்ட் முழுதாகத் தொடங்கி நிற்கும் பாதையிலும் ஒவ்வொரு வரிசைக்கும் எழுத வேண்டும். பயனர் நிரல்கள் அந்த நிலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன.

10. ஓடும் வரிசை காலியாக இருந்தால்

நிறுத்தும் அளவுக்குப் போகாமல், காலிச் சுற்றுகளில் வீணாகும் மின்சாரத்தை மட்டும் குறைக்க விரும்பினால் இரண்டு வழிகள். பெறும் குறுக்கீட்டை இயக்கி இழையைத் தூங்கவைக்கலாம். இதை போர்ட்டை அமைக்கும்போதே கேட்டிருக்க வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. அல்லது டிபிடிகே-யின் மின் மேலாண்மை நூலகம், தொடர்ந்து காலியாக வரும் வரிசையைக் கவனித்துச் செயலியை ஓய்வில் வைக்கும் அல்லது அதன் வேகத்தைக் குறைக்கும்.

அந்த நூலகத்தை ஒரு வரிசைக்கு இயக்கும்போது அந்த வரிசை நின்றிருக்க வேண்டும். ஓடும் வரிசைக்கு அழைத்தால் வேலையில் இருக்கிறது என்ற பிழை திரும்பும். ஆகவே இதற்கும் மேலே உள்ள படிகள் தேவைப்படும், அல்லது தாமதத் தொடக்கத்தோடு அமைத்து முதலிலேயே இயக்கிவிட வேண்டும்.

11. சோதனையும் அறிகுறிகளும்

முதலில் டிபிடிகே-யோடு வரும் சோதனை நிரலான டெஸ்ட்பிஎம்டி-யில் கையால் செய்து பாருங்கள். வரிசையைத் தனியாக நிறுத்த, தொடங்க, தாமதத் தொடக்கத்தை மாற்ற, அட்டவணையைக் காட்ட எல்லாவற்றுக்கும் அதில் கட்டளைகள் உண்டு. உங்கள் டிரைவரின் குணம் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு தவறு வந்தால் அது உங்கள் நிரலுடையது என்று உறுதியாகச் சொல்லலாம்.

உங்கள் நிரலில், முழுச் சுமை ஓடும்போது ஒரு வரிசையை நிறுத்தித் தொடங்குவதைத் தானாகத் திரும்பத் திரும்பச் செய்யும் சோதனை எழுதுங்கள். அனுப்பும் கருவியில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தொடர் எண் இடுங்கள். மொத்த எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால் இரட்டிப்பும் இழப்பும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

தவறவிட்டவை என்ற கணக்கு ஏறி, எல்லா வரிசைகளின் வேகமும் ஒன்றாக விழுந்தால், யாரும் படிக்காத வரிசை ஒன்று ஓடுகிறது. அத்துடன் கைவிடும் அமைப்பும் இயக்கப்படவில்லை. எம்பஃப் கிடைக்கவில்லை என்ற கணக்கு ஏறினால் மெம்பூலைப் பாருங்கள், குறிப்பாக அனுப்பும் பக்கத்தை. சரியாகக் கால் பங்குப் பாக்கெட்டுகள் மட்டும் காணவில்லை என்றால் அட்டவணை இன்னும் நிற்கும் வரிசையைக் காட்டுகிறது. எந்தக் கணக்கும் ஏறாமல் அனுப்பியதற்கும் பெற்றதற்கும் சிறு வித்தியாசம் நிறுத்தும்போதெல்லாம் வந்தால், வடிக்கும் படி சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

டிபிடிகே-யின் பல பதிப்புகளில் வரிசை வாரியான அடிப்படைக் கணக்குகள் இயல்பாக முதல் 16 வரிசைகளுக்கு மட்டுமே. அதற்கு மேல் வரிசைகள் உள்ள போர்ட்டில் விரிவான புள்ளிவிவர அழைப்பைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் 17-ஆவது வரிசையில் எது நடந்தாலும் உங்கள் திரையில் எதுவும் தெரியாது.